மந்தித்துறையார் நடத்திய ஸ்ட்ரைக்

மந்தித்துறை உப்பளத்தில் மூளைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. யாரும் அதை எடுத்துச் செலவழித்தால்தானே! பஞ்சமெல்லாம் குடிதண்ணீருக்குத்தான். ஒரு வாய் தண்ணீருக்கு வெயிலில் தண்டவாளம் தாண்டி நடக்க வேண்டும். சங்கத் தலைவர் மாசானத்தின் மனைவி பேச்சியம்மாள் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். முதலாளி குடையோடு வந்து பார்த்து, உப்பு நசுங்கிப்போனதற்காக வருத்தப்பட்டார்.

டவுனிலிருந்து தோழர் ஞானையா வந்தார். "தண்ணித் தொட்டி கட்டுற வரைக்கும் ஸ்ட்ரைக்!" என்று முழங்கிவிட்டு, கடைசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் மாசானத்துக்கு உறைத்தது.

"ஏலே லூர்து, ஸ்ட்ரைக்குன்னா என்னலே?"

லூர்து முன்பு தீப்பெட்டி ஆபீசில் இருந்தவன். "குச்சியை உரசுறது, அண்ணாச்சி."

"உப்புல தீப் பத்தாதேலே."

பிச்சைக்கனி தொண்டையைச் செருமினான். "கடிகாரம் மணி அடிக்குதுல்லா, அதுவும் ஸ்ட்ரைக்குதான். வாட்ச் கடைக்காரரு சொல்லியிருக்காரு. ஆகமொத்தம், அடிக்கிறது."

"யாரை? மொதலாளியையா?" என்றாள் பேச்சியம்மாள்.

"வாயைக் கழுவு," என்றான் மாசானம். "அவரு சங்கத்துல மெம்பரே கிடையாது. ஸ்ட்ரைக்கு நம்ம சங்கத்துக்குத்தானே?"

மறுநாள், வேலை கெடக்கூடாதே என்று வெயில் ஏறுமுன் உப்பை வாரி முடித்தார்கள். பிறகு எதிரெதிரே வரிசையாக நின்று, முறை தவறாமல் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். முதலாளி நாற்காலி போட்டுப் பார்த்தார். "தெனமும் நடத்துங்க மக்கா," என்று பெருந்தன்மையாக அனுமதியும் கொடுத்தார்.

சேதி கேட்டு ஓடிவந்த தோழர், மாசானத்தின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துப் பதறினார். "போலீஸ் அடிச்சானா?"

"இல்ல தோழரே, பேச்சியம்மா."

தோழர் தலையிலடித்துக்கொண்டார். அவரும் ஸ்ட்ரைக்கில் சேர்ந்துவிட்டார் என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

"கேளுங்கய்யா! லண்டன்ல பாய்மரக் கப்பல்காரங்க கூலி கேட்டாங்க. கிடைக்கலை. பாயை இறக்கிட்டாங்க. அதுக்கு அவங்க பாஷையில ஸ்ட்ரைக்குன்னு பேரு. வார்த்தையே அப்படித்தான் வந்தது."

அவர் முடிப்பதற்குள் எதிரே ஒருவரையும் காணோம். வீட்டுக்கு ஓடி, பரணில் கிடந்த கோரைப்பாய்களை இறக்கிக்கொண்டு வந்து மூச்சு வாங்க நின்றார்கள். "இறக்கியாச்சு தோழரே. தொட்டி எப்ப வரும்?"

தோழர் ஒரு பாயைக் காலால் தள்ளினார். "பாய் கெடக்கட்டும்! ஒரு வேலையும் செய்யாம சும்மா இருக்கிறதுதான் ஸ்ட்ரைக்!"

மாசானம் திகைத்துப் போனான். ஒரு வேலையும் செய்யாமலா? அப்படி யார் இருக்க முடியும்? அவன் பார்வை உப்பளத்தைச் சுற்றிவந்து, கொட்டகை நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளியின் மேல் நின்றது. அந்த மனிதர் ஒருநாள் ஒரு கூடை தூக்கியதில்லை. அவர் அப்பாவும் தூக்கியதில்லை.

"ஐயோ," என்று தழுதழுத்தான். "பரம்பரை பரம்பரையா ஒத்தையில ஸ்ட்ரைக் பண்ணிக்கிட்டிருக்காரே! ஒருநாளாவது போயி ஆதரவு சொன்னோமா?"

லூர்து விம்மி அழுதான்.

அங்கேயே சங்கம் கூடியது. மாசானம் பதவி விலகினான். முதலாளி ஏகமனதாகத் தலைவரானார். தோழர் கத்திப் பார்த்தார். ஓயாமல் ஊர் ஊராக அலைந்து வேலை பார்க்கிற இந்த ஆள்தான் கருங்காலி என்று பிச்சைக்கனி கண்டுபிடித்துச் சொன்னான். அவரை பஸ் ஏற்றி விட்டார்கள்.

மாசானம் மாலை போட்டுவிட்டுக் கைகட்டி நின்றான். "தலைவரே, உங்க கோரிக்கை என்ன? உசிரைக் குடுத்தாவது வாங்கித் தாறோம்."

முதலாளி இளநீரை உறிஞ்சி முடித்துவிட்டு யோசித்தார். "தொட்டி வேண்டாம்," என்றார்.

உச்சி வெயிலில் ஊர்வலம் கிளம்பியது. "வேண்டாம் வேண்டாம்! தண்ணித் தொட்டி வேண்டாம்!" பேச்சியம்மாள்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள்.

சாயங்காலத்துக்குள் கோரிக்கை முழுவதும் நிறைவேறியது. சங்கத்தின் முதல் வெற்றி. வாழ்க சொல்லலாம் என்றால் ஒருவர் தொண்டையிலும் ஈரமில்லை. கைதட்டியே முடித்துக்கொண்டார்கள்.