இரண்டு துளைக் காது

சுண்டனும் இலவனும் ஒரே ஈற்றில் பிறந்த வெள்ளைச் சுண்டெலிகள். காட்டோரம் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரே அறையில்தான் இரண்டு பேருக்கும் குடித்தனம்.

ஆனால் வீடு வேறு. சுண்டன் இன்னும் ஏழு எலிகளோடு கம்பிக் கூட்டில் முட்டிமோதிக்கொண்டு கிடந்தான். இலவனுக்கோ கண்ணாடி வீடு. வடிகட்டிய காற்று, வேகவைத்த தீனி, ஆறவைத்த தண்ணீர். ஆராய்ச்சிக்காரம்மா பரிமளம் கையுறை மாட்டிக்கொண்டுதான் அவனைத் தொடுவாள்.

அதைப் பார்க்கப் பார்க்கச் சுண்டனுக்கு வயிறு எரிந்தது. முன்னால் பிறந்தவன் நான், மாளிகை அவனுக்கா என்று பொருமிப் பொருமி, தின்ற தீனிகூட உடம்பில் ஒட்டவில்லை.

விஷயம் இதுதான். பிறக்கும் முன்னாலேயே இலவன் உடம்பிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிட்டார்கள். அது இல்லாததால், ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் அணுக்களில் ஒரு கூட்டம் அவனுக்கு உண்டாகவே இல்லை. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால், அது செய்யும் வேலை தெரிந்துவிடும் அல்லவா? அதற்குத்தான் இத்தனை பாடு. சின்னத் தும்மல்கூட அவனுக்கு எமன். கண்ணாடி வீடு மரியாதைக்குக் கட்டினதல்ல.

சுண்டன் இதையெல்லாம் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த பல்லியிடம் கேட்டது வேறு.

"அந்த வீட்டுக்குப் போக என்ன வழி?"

"அடையாளத்துக்குக் காதுல குத்தியிருக்காங்களே, அதைப் பாரு. உனக்கு ஒரு துளை. உன் தம்பிக்கு ரெண்டு. ரெண்டு துளைக்காரனுக்குத்தான் அந்த வீடு."

"ஏன் அப்படி?"

"ஏன்னு கேக்குறது என் வேலையா? பூச்சி பிடிக்கிறதுதான் என் வேலை."

சுண்டனுக்கு அதுவே போதும். கூட்டின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் காதைக் குத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ரத்தம் வந்தது. துளையும் வந்தது.

திங்கட்கிழமை கூடு மாற்றும் நாள். பரிமளம் ஒவ்வோர் எலியாகக் காதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சுண்டனைத் தூக்கியவள் பதறிப்போனாள். இன்னொரு இரண்டு துளைக்காரன் தவறிப்போய்க் கம்பிக் கூட்டில் கலந்துவிட்டான் என்று நினைத்து, அவசர அவசரமாகக் கொண்டுபோய் இலவனின் கண்ணாடி வீட்டில் விட்டாள்.

போன வாரம் கம்பிக் கூட்டில் எல்லாருக்கும் தும்மல். சுண்டனுக்கு இன்னும் மிச்சம் இருந்தது. அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பஞ்சு மெத்தையில் புரண்டு, வேகவைத்த தீனியை வாய்கொள்ளாமல் தின்றான்.

இலவன் ஓடிவந்து அண்ணனை ஒட்டிப் படுத்துக்கொண்டான்.

"உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா அண்ணே?"

சுண்டன் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்மேலயா?"

"நீங்க எட்டுப் பேரும் ஒண்ணாச் சுருண்டு படுப்பீங்களே. இங்கேருந்து தினமும் பார்ப்பேன்."

மூன்றாம் நாள் இலவன் தும்மினான். நான்காம் நாள் தீனி அப்படியே கிடந்தது. அப்போதுதான் தன் உடம்பில் எது இல்லை என்று அண்ணனிடம் சொன்னான்.

"தள்ளிப் படுக்கிறேன்டா," என்றான் சுண்டன், மூலைக்கு நகர்ந்துகொண்டே.

"இனிமே எதுக்குண்ணே தள்ளிப் படுக்கணும்? பக்கத்துலயே இரு."

பரிமளம் மருந்து கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இலவனின் உடம்பு குளிர்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் அவள் சுண்டனின் காதை விரித்துப் பார்த்தாள். ஒரு துளை வட்டம், இன்னொன்று கிழிசல். அவளுக்கு எல்லாம் விளங்கியது. தும்மல் மற்ற எலிகளுக்குப் பரவக்கூடாதென்று, கழுவித் துடைத்த வேறொரு கண்ணாடி வீட்டில் அவனைத் தனியாக அடைத்தாள். அதே பஞ்சு மெத்தை, அதே வேகவைத்த தீனி. கையுறை மாட்டிக்கொண்டுதான் அவனையும் தொட்டாள்.

சுண்டன் தீனியைத் தொடவில்லை. கண்ணாடியில் மூக்கை வைத்து, கம்பிக் கூட்டில் ஏழு பேர் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படும் முன்னால், அவனுக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.