இலவமரத் திருப்பத்தில் இரண்டு கத்தல்

ஒரு மலைக்காட்டில் ஒரு கழுதை இருந்தது. எந்த மலை என்று கேட்பீர்கள், தெரியும். கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. உலகப் படத்தில் தேடாதீர்கள். ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும்.

கழுதையின் பெயர் வீராசாமி. சுமப்பது அதன் வேலை. மலை உச்சியில் கீரியின் தோட்டம். சீமைப்பலா, வாழை, ஜாதிக்காய் எல்லாம் அங்கே காய்க்கும். கீழே கடற்கரையில் சந்தை. வீராசாமி காலையில் காய்கனியோடு இறங்கும். சந்தையில் பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொள்வார்கள். மாலையில் மீனும் உப்பும் ஏற்றிக்கொண்டு மேலே போகும்.

கூலி, நாளுக்கு ஒரு கட்டு கரும்புத் தோகை. குடியிருக்கத் தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அந்தத் தீவில் புயல் மாதம் பிறந்தால் மரமே பறக்கும், கழுதை எம்மாத்திரம்? வீராசாமிக்கு அந்தத் தகரம்தான் உயிர்.

இன்னொன்றும் உண்டு. மலைப்பாதையின் நடுவில் ஓர் இலவமரம். அங்கே பாதை திரும்பும்போது கடற்காற்று சுள்ளென்று மூக்கில் ஏறும். ஏறியதும் வீராசாமி கத்தும். முதுகில் வாழைத்தார் என்றால் ஒரு கத்தல். சீமைப்பலா என்றால் இரண்டு. ஜாதிக்காய் என்றால் ஒரே இழுப்பாக நீளக் கத்தல். அதன் அம்மாவும் அங்கே அப்படித்தான் கத்தியது. ஏன் என்று வீராசாமி யோசித்ததே இல்லை.

கீழே எல்லாரும் திட்டுவார்கள். பாறையில் வெயில் காயும் பேரோணான்தான் அதிகம் திட்டும். கழுதைக்குத் தொண்டை கொடுத்தவனுக்குக் காது இல்லையா என்று கேட்கும். கேட்டுக்கொண்டே எழுந்து சந்தைக்குப் போகும்.

இப்போது கீரிக்கு வருவோம். கீரிக்கு எல்லாவற்றிலும் அவசரம். தூங்கும்போதுகூடக் கால் ஓடும். அது ஒருநாள் துறைமுகத்துக்குப் போய்க் கம்பிவடமும் உருளைகளும் கொண்டுவந்தது. உச்சியிலிருந்து கரைக்கு நேராக வடம் கட்டியது. பாரக் கூடை இறங்கும், அந்த இழுப்பில் காலிக் கூடை ஏறும். கீழே ஒரு கம்பத்தில் மோதினால் கூடை தானே கவிழும். ஆளே வேண்டாம். கழுதை அரை நாள் நடக்கும் தூரத்தைக் கூடை ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் கடந்தது.

கீரி கொட்டகை வாசலில் வந்து நின்றது.

"வீராசாமி, நாளையிலிருந்து நீ சுமக்க வேண்டாம்."

"நல்லதுங்க. முதுகு வலிதான்."

"கூலியும் இல்லை."

வீராசாமியின் காது தொங்கியது.

"சனிக்கிழமைக்குள் கொட்டகையைக் காலி பண்ணு. உருளைக்குப் போடும் எண்ணெயை இங்கே வைக்கப் போகிறேன்."

"புயல் மாதம் பிறக்கப் போகுதுங்களே."

"எண்ணெயும் நனையக் கூடாது அல்லவா?"

வீராசாமி கொஞ்சம் யோசித்தது. "அப்போ, இலவமரத்தில் கத்துவது?"

"அதுதான் முதலில் நிற்க வேண்டும். என் மலையில் இனி உன் குரல் கேட்கக் கூடாது. சத்தம் போட நான் கூலி கொடுக்கவில்லை."

"சரிங்க," என்றது வீராசாமி. கழுதை ஒன்றைச் சரி என்று சொன்னால் சரிதான். இடித்தாலும் மாறாது.

புதன்கிழமை கூடைகள் இறங்கின. சீமைப்பலா, சீமைப்பலா, மறுபடியும் சீமைப்பலா. வீராசாமி கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கத்தல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டது. வியாழக்கிழமை வாழைத்தார். ஒரு கத்தல். அதையும் விழுங்கியது. வயிறு உப்பியதுதான் மிச்சம்.

கீரிக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் மேலே ஏறி வந்த கூடைகள் காலியாக வந்தன. மீன் இல்லை, உப்பு இல்லை. நாளைக்கு வரும் என்று வாழைப்பழம் தின்று படுத்தது. மறுநாளும் காலி. மறுபடியும் வாழைப்பழம். கீரியின் வயிற்றுக்கு அது ஆகவில்லை. இரவெல்லாம் உருண்டது.

வெள்ளிக்கிழமை வீராசாமி புறப்பட்டது. மூட்டை கட்ட ஒன்றுமில்லை. தகரத்தை ஒருமுறை மூக்கால் தொட்டுவிட்டு இறங்கியது. இலவமரத்தில் காற்று மூக்கில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியது.

கரையில் பார்த்தால், பெரிய பாறைக்கு அந்தப் பக்கம், கம்பத்தடியில் ஒரு மலை. சீமைப்பலா வெயிலில் குழைந்து வெடித்துக் கிடந்தது. வாழை கறுத்திருந்தது. குளவிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. பாறைக்கு இந்தப் பக்கம் சந்தைத் திடல் வெறிச்சோடிக் கிடந்தது. அடுப்பு மூட்டும் நண்டு வளைக்குள் இருந்தது. மீன் கொண்டுவரும் கூழைக்கடாக்கள் நடுக்கடலில் மிதந்தன.

பேரோணான் ஒரு கண்ணைத் திறந்தது. "எங்கே ஐயா போனாய்? மூன்று நாளாகத் தூங்கித் தூங்கி எனக்கு முதுகே பிடித்துக்கொண்டது. மேலே ஒன்றும் காய்க்கவில்லையா?"

"காய்த்தது. பாறைக்குப் பின்னால் கிடக்கிறது."

"கம்பியில் ஏதோ போனது. கீரி துணி காயப்போடுகிறது என்று நினைத்தோம். நீ ஏன் கத்தவில்லை?"

"கத்தக் கூடாது என்று உத்தரவு."

பேரோணான் இரண்டாவது கண்ணையும் திறந்தது. "அட மடையா, நீ கத்தினால்தானே எங்களுக்குச் சந்தை!"

வீராசாமிக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒரு கத்தலுக்குக் கூழைக்கடா சின்ன மீன் கொண்டுவரும், இரண்டுக்கு நண்டு சீமைப்பலா சுட அடுப்பு மூட்டும், நீளக் கத்தலுக்கு உப்புக்காரர்கள் வருவார்கள். இத்தனை வருஷமாக மூட்டையை மட்டும்தான் சுமந்தேன் என்று நினைத்திருந்தது. ஊரையே அல்லவா இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கீரி ஓடிவந்தது. வயிறு ஒட்டியிருந்தது. கவிழ்ந்து கிடந்த குவியலைக் கண்டதும் திருடர்கள், சோம்பேறிகள் என்று எல்லாரையும் ஏசியது. யாரும் கூப்பிடவில்லை, அதனால் யாரும் வரவில்லை என்று பேரோணான் சொன்னது. கூப்பிடுவது என்ன பெரிய வித்தையா என்று கீரி பாறைமேல் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, கடலைப் பார்த்துக் கத்தியது.

"கீச்."

ஒரு குளவி திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

மேலே, கீரி ஓடிவரும் முன் கோத்துவிட்ட நாலு கூடைகள் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தன. நாலும் புதுச் சீமைப்பலா. கீரி அதைப் பார்த்தது. கழுதையைப் பார்த்தது.

"வீராசாமி... ஒரே ஒரு தடவை கத்திவிடேன்."

"கம்பி சுமக்கட்டும். எனக்கு வருத்தமில்லை. நான் கத்துகிறேன். நாளுக்கு ஒரு கட்டு தோகை."

"சும்மா கத்துவதற்கா? அரைக் கட்டு."

வீராசாமி மூச்சை நன்றாக உள்ளே இழுத்தது. வாயை மூடிக்கொண்டது. முதல் கூடை தென்னை உயரத்துக்கு வந்துவிட்டது.

"முழுக் கட்டு! முழுக் கட்டு!"

"கொட்டகை?"

"உனக்குத்தான்."

"எண்ணெய்?"

"என் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், கத்து!"

வீராசாமி கத்தியது. மூன்று நாளாக விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. முதல் கத்தலில் குளவிகள் ஓடின. இரண்டாவதில் நண்டு வளையை விட்டு உருண்டு வந்து அடுப்பில் சுள்ளி வைத்தது. நடுக்கடலில் கூழைக்கடாக்கள் தலையைத் திருப்பின; பை நிறைய மீனோடு வரிசையாக வந்திறங்கின. நாலாவது கூடை கவிழ்வதற்குள் கம்பத்தடியிலேயே சந்தை கூடிவிட்டது. சுட்ட சீமைப்பலா வாசனை மலை வரை ஏறியது. ஆட்டம், பாட்டு, சண்டை, எல்லாம் நடந்தது. கீரி பதினொரு மீன் தின்றது. நண்டு எண்ணிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பாரம் கம்பியில் இறங்கும். வீராசாமி வெறும் முதுகோடு இலவமரம் வரை நடந்துபோய், வேண்டிய அளவு கத்திவிட்டுக் கரைக்கு வரும். மாலையில் கடைசிப் பாரங்கள் இறங்கும் இழுப்பில் மீன் கூடை மேலே ஏறும். அதற்கு அடுத்த கூடையில், நாலு காலையும் மடித்து உட்கார்ந்துகொண்டு, வீராசாமியும் ஏறும். காற்று மூக்கில் படும். அது கத்தும்.

அந்தக் கத்தலுக்கு எந்தப் பண்டமும் இல்லை. சும்மா சந்தோஷம். பேரோணான் அதையும் திட்டும்.

நீதி: ஒருவரை வேண்டாம் என்று அனுப்புமுன், அவர் செய்யும் வேலை அத்தனையையும் தெரிந்துகொள், இல்லையென்றால் காலிக் கூடைதான் திரும்பி வரும்.