ஆள் பார்த்தால் ஒழுகாத கார்

முள்ளிக்குடியில் ஒரு பேண்டு செட் இருந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே பாட்டைத்தான் வாசிப்பார்கள். கல்யாணத்துக்குக் கொஞ்சம் வேகமாக. செட்டில் மொத்தம் நாலே பேர். பெரிய டிரம் அடிக்கிற அரியநாயகம்தான் தலைவர், யோசிக்கிற பொறுப்பும் அவருடையது. டிரம்பெட் ஊதுவது சேவுகன், ஜால்ரா தட்டுவது இருளப்பன், கிளாரினெட் பொன்னுக்காளை. நாலு பேரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது.

இவர்களுக்குப் பொதுவில் ஒரு பழைய கார் உண்டு. வெள்ளைக் கார் என்று சொல்லி விற்றார்கள், இவர்களும் நம்பி வாங்கினார்கள். ஓடுகிற கார்தான். ஆனால் அதற்கு ஒரு குணம். சில நாள் ரேடியேட்டரில் தண்ணீர் ததும்பத் ததும்ப நிற்கும். சில நாள் திறந்து பார்த்தால் தொண்டை காய்ந்து கிடக்கும். எப்போது போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். குறுக்கே வந்தது பொன்னுக்காளையின் கல்யாணம்.

பொன்னுக்காளைக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. பார்த்த இடமெல்லாம் தட்டிப் போய், கடைசியில் தாழையூரில் செங்கமலம் என்ற பெண் அமைந்தாள். அப்பா குப்பாண்டிக்கு ஒரே மகள். சொந்த டிராக்டரில் தானே உழுகிறவள். நிச்சயதார்த்தத்துக்கு நால்வரும் காரில் கிளம்பினார்கள். வழியில் கரட்டுமேடு என்று ஓர் ஏற்றம். அதை ஏறி இறங்கி, தாழையூர்த் தெருமுனைக்கு வந்ததும் காரின் மூக்கிலிருந்து புகை கிளம்பி நின்றுவிட்டது. மாப்பிள்ளை உட்பட எல்லோரும் தள்ளினார்கள். பட்டு வேட்டியில் கிரீசும், முகத்தில் கரியுமாகப் பொன்னுக்காளை பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது தெருவே கூடிச் சிரித்தது.

செங்கமலம் சிரிக்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள்: கல்யாணத்தன்று மாப்பிள்ளை வருகிற கார் வாசல் வரைக்கும் வரவேண்டும். மாப்பிள்ளை மறுபடி அதைத் தள்ளிக்கொண்டு வந்தால் கழுத்தை நீட்டமாட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் பொன்னுக்காளை அரியநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இத விட்டா எனக்கு வேற பொண்ணு கெடையாதுண்ணே. எப்பிடியாச்சும் அந்த ஒழுகலக் கண்டுபிடிச்சிருங்க." அரியநாயகத்துக்கும் மனசு தாங்கவில்லை. உடனே யோசிக்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை பிடித்தது.

மெக்கானிக் சந்தியாகு பொறுமைசாலி. எங்கேயோ ஒரு ரப்பர் குழாயில் கீறல் இருக்க வேண்டும், சூடேறி மேடு ஏறும்போது அது வாயைத் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும் என்று விளக்கினார். எந்தக் குழாய் என்று தெரிந்தால்தான் மதுரையிலிருந்து வரவழைக்க முடியும். ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதில் பச்சை நிறக் கூலண்டை ஊற்றிவிட்டு, "வண்டிக்கு அடியில ஒரு அட்டையப் போட்டு வைங்க. பச்சையாச் சொட்டுச்சுன்னா அதான் எடம். கண்ண எடுக்காமப் பாருங்க" என்றார்.

போட்டார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். மாப்பிள்ளையைத் தவிர மற்ற மூன்று பேரும் காரைச் சுற்றிக் குத்தவைத்து, இமைக்காமல் பார்த்ததில் கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது. அட்டை காய்ந்தே கிடந்தது.

"இது ஆள் பாத்தா ஒழுகாதுண்ணே" என்றான் சேவுகன்.

அரியநாயகம் நெடுநேரம் யோசித்தார். "கூச்ச சுபாவம்" என்றார்.

"நானே யாராச்சும் பாத்துக்கிட்டிருந்தா ஒதுங்க முடியாம நிப்பேன். வண்டியக் குத்தம் சொல்லக் கூடாது" என்றான் இருளப்பன்.

எனவே எல்லோரும் காருக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். காருக்குச் சந்தேகம் வராமலிருக்கப் பொதுவாக மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். நடுவில் தெருநாய் ஒன்று காருக்கு அடியில் புகுந்து தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. முதுகைக் காட்டியவர்களுக்கு அது எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தால் அட்டை நனைந்திருந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அட்டையைத் தட்டில் வைத்து, சீர் கொண்டுபோகிற மாதிரி சந்தியாகுவிடம் கொண்டுபோனார்கள்.

சந்தியாகு அதை மூக்கருகே கொண்டுபோனார், உடனே தள்ளிப் பிடித்தார். "இது கூலண்ட் இல்லப்பா. எந்த நாய்?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது அரியநாயகம் கவலைப்பட்டார். தண்ணீர் ஒழுகுவது போதாதென்று வண்டி இப்போது வேறு என்னவோ ஒழுக ஆரம்பித்திருக்கிறது.

சரி, காரையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று முடிவானது. ஆனால் சூடான வண்டியில் கை வைக்கக் கூடாது என்று சந்தியாகு முன்பு எப்போதோ சொல்லியிருந்தார். ஆகவே காரை நன்றாக ஆறவைத்து, ஈரச்சாக்கு போர்த்தி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறின காரில் சந்தியாகுவுக்கு என்ன தெரியும்? பட்டறைக்குப் போன போதெல்லாம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவருக்கும் அலுத்துப்போனது. "ஒழுகுறப்பக் கொண்டாங்கப்பா. ஒழுகாத வண்டியில நான் எதப் பாக்குறது?" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. மூவரும் டீக்கடையில் உட்கார்ந்து அலசினார்கள்.

"அவரு ஒழுகுற வண்டியத்தான் பாப்பாரு. நம்ம வண்டியோ நெனச்சா ஒழுகுது, நெனச்சா நிறுத்திருது" என்றார் அரியநாயகம்.

"அப்ப ஒழுகிக்கிட்டே இருக்க வச்சிட்டா?" என்றான் இருளப்பன்.

இருளப்பனுக்குள் இப்படி ஒரு மூளை இருந்தது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று அரியநாயகத்துக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு எழுந்து போய், ஒரு நாலங்குல ஆணியை ரேடியேட்டரின் நடு வயிற்றில் வைத்து அடித்தார்கள். கூலண்ட் பச்சையாகப் பீய்ச்சி அடித்தது. அது நிற்பதற்குள் பட்டறை வாசலில் போய் நின்றார்கள்.

"பாருங்க மெக்கானிக்கண்ணே. நல்லா ஒழுகுது" என்றார் அரியநாயகம் பெருமையாக.

சந்தியாகு ஓட்டையைப் பார்த்தார். ஓட்டையில் இன்னும் நின்றுகொண்டிருந்த ஆணியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதைப் பற்றவைத்து அடைத்துக் கொடுத்தார். கடைசியில் சொன்னார். "இனிமே வண்டியத் தொடாதீங்க. எப்ப ஒழுகுது, எப்ப ஒழுகலன்னு மட்டும் கவனிங்க. ஒழுகுறப்ப மட்டும் என்ன கூட இருக்குதோ, அதான் காரணம்."

வண்டியைத் தொடக்கூடாது என்பதால் அரியநாயகம் இரண்டு கையிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். மற்றபடி சந்தியாகு சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். கவனித்தார்கள். சந்தைக்குப் போனார்கள், ஒழுகவில்லை. தண்ணீர்ப்பந்தல் திறப்புக்கு வாசிக்கப் போனார்கள், ஒழுகவில்லை. தாழையூருக்குச் சேலை எடுத்துக் கொடுக்கப் போனார்கள், கரட்டுமேட்டில் மொத்தமும் ஒழுகிவிட்டது. நிச்சயத்தன்றும் ஒழுகியது.

இரண்டு தடவையும் என்ன கூட இருந்தது? ஜால்ரா இருந்தது. ஆனால் ஜால்ரா சந்தைக்கும் வந்தது. டிரம் இருந்தது, அது தண்ணீர்ப்பந்தலுக்கும் வந்தது. சந்தைக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் வராமல் தாழையூருக்கு மட்டும் வந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வெயிலில் அலைந்து கறுக்கக் கூடாது என்று மற்ற நாளெல்லாம் அக்கா அவனை வீட்டிலேயே வைத்திருந்தாள்.

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பொன்னுக்காளையைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான் பொன்னுக்காளை.

"நாங்க சொல்லலப்பா. கணக்குச் சொல்லுது" என்றார் அரியநாயகம்.

பொன்னுக்காளை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு தன் ஜாதகத்தையும் இதுவரை தட்டிப்போன வரன்களையும் நினைத்துப் பார்த்தான். இருக்கலாம் என்று பட்டது. "அப்ப நான் ஏறலன்னா வண்டி ஒழுகாமப் போயிருமாண்ணே?" என்று கேட்டான். போய்விடும் என்று அரியநாயகம் அடித்துச் சொன்னதும் அவன் முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாத நிம்மதி வந்தது.

கல்யாண நாள் வந்தது. சொந்தபந்தமெல்லாம் முந்தின நாளே வேனில் போயாயிற்று. மாப்பிள்ளை காரில்தான் வரவேண்டும் என்பது பேச்சு, அதனால் அவனை விட்டுவிட்டுப் போனார்கள். சேவுகனும் இருளப்பனும் வாத்தியங்களோடு முதல் பஸ்ஸில் ஏறினார்கள். விடியற்காலைக் குளிரில் அரியநாயகம் தனியாகக் காரில் உட்கார்ந்தார். பட்டு வேட்டி கட்டிய பொன்னுக்காளை தன் கையாலேயே காருக்குச் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பத்திரமாப் போயிட்டு வாங்கண்ணே என்று கையசைத்தான். கார் கண்ணுக்கு மறைந்ததும் உள்ளே போய்த் தெம்பாக ஒரு காப்பி குடித்தான்.

பாரமில்லை, வெயிலில்லை, அரியநாயகமோ மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். கார் கரட்டுமேட்டை ஏறி இறங்கி, குப்பாண்டி வீட்டு வாசலில் ஜம்மென்று வந்து நின்றது. ஒரு சொட்டுக் குறையவில்லை. சேவுகன் ஊத, இருளப்பன் தட்ட, குப்பாண்டி ஆரத்தித் தட்டோடு வந்து பின்கதவைத் திறந்தார். பின்சீட்டில் ஒரு மாலை மட்டும் இருந்தது.

"மாப்பிள்ளை எங்க?"

"வீட்ல பத்திரமா இருக்காரு. ஏத்துனா ஒழுகும்ல" என்றார் அரியநாயகம்.

குப்பாண்டி ஆரத்தித் தட்டைக் கீழே போட்டுவிட்டார். செல்போன் எல்லாம் வராத காலம் அது, கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அலங்காரத்தோடு வெளியே வந்த செங்கமலம் நடந்ததைக் கேட்டாள். கொஞ்ச நேரம் அரியநாயகத்தையே பார்த்தாள். பிறகு கூறைச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். "ஏறுங்கண்ணே" என்றாள்.

போகும்போது அரியநாயகம் கண்ணைத் திறக்கவே இல்லை. பொன்னுக்காளை இரண்டாவது காப்பியில் இருந்தான். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், நான் ஏறினா வண்டிக்கு ஆகாதுங்க என்று கும்பிட்டான். செங்கமலம் அவனைக் கையைப் பிடித்துப் பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வரும்போது வெயில் ஏறிவிட்டது. டிராக்டர் ஓட்டிய கால் அல்லவா, மேட்டில் அழுத்திய அழுத்தில் கார் அலறியது. தாழையூர்த் தெருமுனையில், நிச்சயத்தன்று நின்ற அதே இடத்தில், புகை கக்கி நின்றது.

செங்கமலம் இறங்கி என்ஜின் மூடியைத் தூக்கினாள். கீழே போகிற ரப்பர் குழாயின் வளைவில் ஒரு கீறல், அதிலிருந்து கூலண்ட் பச்சையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அரியநாயகத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் பார்த்தார். "அதெல்லாம் மாப்பிள்ளை எறங்குனாச் சரியாயிரும்மா" என்றார் ஆறுதலாக.

"அப்ப எறங்கச் சொல்லுங்க. நடந்தே போயிரலாம், வீடு தெரியுது."

பொன்னுக்காளை இறங்கவில்லை. மாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கார் வாசலுக்கு வரணும், நான் தள்ளக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. எறங்குனா நீங்க கழுத்த நீட்டமாட்டீங்க. நான் எறங்கவே மாட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

கல்யாண வீட்டு நாதஸ்வரக்காரர்கள் அவசர அவசரமாக ஊதுவது தெருமுனை வரை கேட்டது. செங்கமலம் வானத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் இத்தனை பயத்தோடு தன்னை வேண்டும் என்று எவரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அரியநாயகத்தைச் சக்கரம் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். வளையல் குலுங்கக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்ற இருளப்பன் ஜால்ராவை நிறுத்தினான். "தள்ளிக்கிட்டு வந்தா ஆகாதுன்னு பேச்சுல்ல?"

"மாப்பிள்ளை தள்ளக் கூடாதுன்னுதான் பேச்சு. பொண்ணு தள்ளக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஊதலாம்" என்றான் சேவுகன், ஊதினான்.

முகூர்த்தம் முடிய இம்மியளவு இருக்கும்போது பொன்னுக்காளை தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சைப் போட்டதும் அவனால் அடக்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதான். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து மணவறையில் சொட்டியது.

அரியநாயகம் சட்டென்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். காரிலிருந்து அட்டையை எடுத்துவந்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேர் கீழே வைத்தார். சொட்டு அதன் மேல் விழுந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"நான் அன்னிக்கே சொன்னேன். ஒழுகல் இவன்கிட்டத்தான் இருக்கு" என்றார் அரியநாயகம்.

சேவுகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கூலண்ட்னா பச்சையால்ல இருக்கணும்?"

அரியநாயகம் சொட்டை விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "மாப்பிள்ளை கொஞ்சம் பழசுல்ல. சாயம் போயிருக்கும்" என்றார்.

அதைக் கேட்டதும் செங்கமலம் சிரிக்க ஆரம்பித்தாள். நிச்சயத்தன்று சிரிக்காததையும் சேர்த்துச் சிரித்தாள். மாலை அவிழ, பொட்டு கலைய, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டும்வரை சிரித்தாள்.

இருளப்பன் இன்னொரு அட்டை எடுத்துவர ஓடினான்.