மூங்கிலுக்கு நாடி பார்த்தவர்

தன் கிளிக்குக்கூடத் தனி வைத்தியர் வைத்திருந்த ராஜா ஒருவன் முன்னொரு காலத்தில் பவழபுரியை ஆண்டுவந்தான். பெயர் செண்பகமாறன். அவன் அரண்மனையில் மொத்தம் ஒன்பது வைத்தியர்கள். அரண்மனையைத் தாண்டினால், எல்லையிலிருந்த கூகைமலை வரைக்கும் ஒருவர்கூடக் கிடையாது.

ஒன்பது பேருக்கும் தலைவர் ஆபத்சகாயர். மருந்து தெரிந்தவர்தான். ஆனால் யாரையும் தொட்டுப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பட்டுநூலின் ஒரு நுனியை அரசியின் மணிக்கட்டில் கட்டச் சொல்லி, மறு நுனியைத் திரைக்கு இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே நாடி பார்ப்பார். ராஜாவுக்கு அதில் ஏகப் பெருமை.

ஒருநாள் கூகைமலையிலிருந்து சடைச்சி என்பவள் சபைக்கு வந்தாள். மூன்று நாள் நடந்ததில் பாதம் வெடித்திருந்தது.

"ராசா, எங்க மலையில விஷக்காய்ச்சல். என் மகளை மூங்கில்ல சேலைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கிட்டு இறங்கினோம். ஊர்ல இன்னும் ஆறு பேர் படுத்த படுக்கையாக் கிடக்காங்க. ஒரு வைத்தியரை எங்களோட அனுப்பணும்" என்றாள்.

ஆபத்சகாயர் சிரித்தார். "நான் மலையேறிப் போய்விட்டால் அரசியாருக்கு ஒரு தும்மல் வந்தால் யார் பார்ப்பது மன்னா? காய்ச்சல்காரர்கள் இறங்கி வரட்டும். வாசல் திறந்துதானே இருக்கிறது."

"வந்தா தொட்டுப் பார்ப்பீங்களா சாமி?"

"உங்களையா? ஏழு முழுக்குப் போட்டாலும் தீட்டுத் தீராது."

"அப்ப நூல் பிடிச்சாவது பாருங்க. தொட்டில் வெளிவாசல்லதான் இருக்கு."

சபை கலகலத்தது. ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. "வெளிவாசல் வரைக்கும் நூலா? முடியுமா வைத்தியரே?"

"கூகைமலை வரை நீட்டினாலும் பிடிப்பேன் மன்னா."

"சரி. இவர் சரியாகச் சொல்லிவிட்டால் நீ பேசாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். தவறினால் நீ கேட்டதைத் தருகிறேன்" என்றான் ராஜா.

நூல்கண்டு வந்தது. சடைச்சி ஒரு நுனியைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்பினாள். ஆபத்சகாயர் மறு நுனியை மூன்று விரல்களால் பிடித்துக் கண்ணை மூடினார்.

"வயதுப்பெண். பித்த நாடி குதிக்கிறது. பயமில்லை, மூன்று நாளில் எழுந்து நடப்பாள்."

சடைச்சிக்கு அது பொய்யென்று தெரிந்தும், அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது.

"நடப்பாளா சாமி?"

"அதுதான் சொன்னேனே. நடப்பாள்."

"நீங்களே வந்து பாருங்க ராசா" என்றாள்.

ராஜா நூலைத் தொடர்ந்து வெளிவாசலுக்குப் போனான். பின்னால் சபையும் போனது. மலைக்காரர்கள் நான்கு பேர் தலைகுனிந்து நின்றார்கள். நூலின் நுனி தொட்டில் மூங்கிலில் கட்டியிருந்தது. மூங்கிலில் தொங்கிய சேலைக்குள் யாருமில்லை.

"உன் மகள் எங்கே?"

"நேத்து ஆத்தங்கரையிலயே போயிட்டா ராசா. அங்கயே புதைச்சிட்டு வர்றோம். சாமி மூங்கிலுக்குத்தான் நாடி பார்த்தார். அது மூணு நாள்ல எழுந்து நடக்குமாம்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் முகம் சிவந்தது. "ஆபத்சகாயரே, இது உமக்குத் தண்டனை. இன்றே கூகைமலைக்குப் போம். ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து அவர்களைத் தொட்டு வைத்தியம் செய்யும்."

ஆபத்சகாயருக்கு வேர்த்துவிட்டது. "அந்தக் காட்டில் எனக்கு ஒன்று வந்தால் யார் மன்னா பார்ப்பார்கள்?"

"யாருமில்ல சாமி" என்றாள் சடைச்சி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். "உன் புத்திக்கு இது."

அவள் கை நீட்டவில்லை. "நீங்க தண்டனைன்னு சொன்ன எடத்துலதான் ராசா நாங்க பொறந்ததுலேர்ந்து குடியிருக்கோம். நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?"

மாலை ராஜாவின் கையிலேயே தொங்கியது.

ஆற்றைத் தாண்டியதும் ஏற்றம். ஆபத்சகாயரால் நூறடிகூட ஏற முடியவில்லை. அந்தத் தொட்டிலிலேயே அவரைத் தூக்கினார்கள். நோயாளிகளைக் கீழே இறக்கியே பழகிய மூங்கில், முதல் முறையாக ஒரு வைத்தியரை மேலே ஏற்றியது. பாதி வழியில் ஒருவனுக்குத் தோள் கடுத்தது. நிற்க நேரமில்லை, மேலே ஆறு பேர் கிடந்தார்கள். சடைச்சி தோள் கொடுத்தாள். மூங்கில் எலும்பில் அழுந்தியது. தன் மகள் எவ்வளவு லேசாக இருந்தாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.