சவடால் சங்கிலியோட இடுப்புக் கத்தி

டேய் செழியா, இந்தக் கதையில ஒரு சிரிப்பு இருக்கு. வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனா அது கடைசியிலதான் இருக்கு. இப்பவே குடுன்னு கேட்டா தர மாட்டேன்.

அம்மா மில்லுல ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு வந்து இப்பத்தான் கண்ணசந்திருக்காங்க. திருவிழாவுல வாங்குன அந்த விசில குடுறான்னா நீ குடுக்க மாட்டேங்கிற. சரி, வச்சுக்க. நான் புடுங்க மாட்டேன். சத்தியமாப் புடுங்க மாட்டேன். "ம்" கொட்டுறதுக்குப் பதிலா அதையே ஊதிக்க. ஆனா மெதுவா, கொசு காதுகிட்ட வந்த மாதிரி. எங்க, ஊது?

"பீப்."

அம்புட்டுதான். படு.

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்கார அக்கா இருந்தா. பேரு இருளாயி. அவகிட்ட ஒரு மந்தை செம்மறி ஆடு. ஊர் ஊராப் போயி அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடை போடுவா. கிடைன்னா என்னன்னு முழிக்காத. ராத்திரி பூரா ஆடுகள வயல்ல படுக்க வச்சா, அதுக புளுக் புளுக்குன்னு புழுக்கை போடும். அதுதான் வயலுக்கு எரு.

சிரிக்காத. இது அந்தச் சிரிப்பு இல்ல. அது இன்னும் வரல.

அந்த மந்தைக்கே முன்னத்தி ஆடு ஒண்ணு உண்டு. பேரு மூக்கழகி. கழுத்துல மணி, கிணிங் கிணிங். மூக்கழகி நடந்தா அத்தனை ஆடும் நடக்கும். மூக்கழகி நின்னா அத்தனை ஆடும் நிக்கும்.

அப்போ ஒரு நாள் மூக்கழகி நின்னுருச்சு. "ம்மேஏஏ!" மழையில ஊறி ஊறிக் குளம்பு நீளமா வளந்து மடங்கிக்கிச்சு. அதுக்குள்ள ஒரு கருவேல முள்ளு வேற. இருளாயி தன்னோட பழைய கத்திய எடுத்து குளம்பச் சீவுனா. சர்ர்... சர்ர்... படக்! கத்தி ரெண்டாப் போச்சு.

அந்த ஊர்லயோ புல்லு தீந்து போச்சு. மண்ணத்தான் நக்கணும். மறுநாள் காலையில கிளம்பலைன்னா மந்தை பூரா பட்டினி. மூக்கழகி நடக்கணும். அதுக்குக் குளம்பு சரியாகணும். அதுக்கு ஒரு கத்தி வேணும். அப்போ இருளாயி என்ன சொன்னா? தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "ஏ மூக்கழகி, நல்ல கத்தி கிடைக்காம இருளாயி இந்தப் பக்கம் திரும்ப மாட்டா. நீ அசை போட்டுக்கிட்டு இரு"ன்னா. ஊதுடா.

"பீப்."

அப்புறம் அவ தோள்ல ஒரு கறுப்புக் கம்பளியப் போட்டுக்கிட்டுச் சந்தைக்கு நடந்தா. சும்மா நடக்கல, எப்படிப்பட்ட கத்தி வேணும்னு யோசிச்சுக்கிட்டே நடந்தா. பெருசா இருக்கக் கூடாது, இடுப்புல சொருகுனா குத்தும். சின்னதா, மடக்குற கத்தியா, ஆனா கெட்டியா இருக்கணும். அதுல மூணு அலகு வேணும். ஒண்ணு குளம்பு சீவத் தடியா. ஒண்ணு முள்ளு நோண்ட ஊசியா. இன்னொண்ணு முனை இல்லாம மழுங்கலா. அது எதுக்குங்கிற? ஆட்டுக்குக் கண்ணோரம் ஒட்டுப்புல்லு சிக்கிக்கிட்டா முடிய நறுக்கணும்ல? ஆடு தலைய ஆட்டுனா முனை கண்ணுல குத்திரும்ல? அதுக்கு.

சந்தையில ஒரு கத்திக்காரன். பேரு சங்கிலி. சவடால் சங்கிலின்னாத்தான் தெரியும். சாக்க விரிச்சு அது மேல கத்தியாப் பரப்பி வச்சிருப்பான். கண்ணு கூசும். அவன் கத்துறது அடுத்த ஊருக்குக் கேக்கும்: "வாங்க தாயீ, வாங்க அண்ணாச்சீ! இரும்ப வெட்டும், எலும்ப வெட்டும், காத்தையே வெட்டும் கத்தீ!"

மெதுவாத்தான்டா கத்துனேன். அம்மா முழிக்கல. படு.

அன்னைக்குச் சந்தையில சரியான குளிரு. சங்கிலிக்குப் பல்லெல்லாம் கட கட கடன்னு தந்தியடிக்குது. இருளாயி தோள்ல கிடந்த கம்பளியப் பாத்தான். வாயில எச்சி ஊறிருச்சு.

"தாயி, அந்தக் கம்பளிய எனக்குக் குடு. இந்தச் சாக்கு மேல கிடக்குற கத்தியில எது வேணும்னாலும் நீ எடுத்துக்க!"

"எது வேணும்னாலுமாண்ணே?"

"சாக்கு மேல எது கிடந்தாலும்! சங்கிலி சொன்னா சொன்னதுதான். அந்தா, பூண்டுக்கார அத்தாச்சி சாட்சி!"

பக்கத்துக் கடையில பூண்டு உரிச்சுக்கிட்டிருந்த அத்தாச்சி மூக்காலயே சொல்லுச்சு, "ஆம்மா, ஆம்மா, கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்."

அப்போ சங்கிலி முதக் கத்திய நீட்டுனான். பிடியில சிங்கத்தலை. முழ நீளம். இருளாயி விரிச்சு ஆட்டிப் பாத்தா. லொட லொட லொட. "அண்ணே, இதுக்குக் குளிர் காய்ச்சலா? இப்படி ஆடுதே?"

"அதெல்லாம் பழகப் பழக நின்னுரும் தாயி!"

"சரிண்ணே. அந்தா புது மூட்டை கட்டு அவிழ்க்காமக் கிடக்கே, அந்தக் கயித்த அறுத்துக் காட்டுங்க, பாப்போம்."

நனைஞ்ச தேங்காநார்க் கயிறு, கட்டை மாதிரி இருக்கு. சங்கிலி "இதென்ன பிரமாதம்"னான். சிங்கத்தலையக் கீழ வச்சான். இடுப்புக்குள்ள கைய விட்டான். அங்கருந்து ஒரு கத்திய எடுத்தான். டக்குன்னு விரிச்சான், கரக்குன்னு அறுத்தான், டக்குன்னு மடக்கி இடுப்புலயே சொருகிக்கிட்டான். சொருகிட்டு, "பாத்தியா, என் கத்தி எப்படி!"ன்னான்.

இருளாயி பாத்தா. நல்லாவே பாத்தா. உள்ளங்கைக்குள்ள அடங்குற கத்தி. கறுத்துப்போன கொம்புப் பிடி. அலகு தடியா இருந்துச்சு. துளி ஆடல.

"அண்ணே, எனக்கு அந்தக் கத்தியக் குடுங்களேன்."

"எது, இதுவா? அய்ய, இது விக்கிறதுக்கு இல்ல தாயி. இது கொல்லன்கிட்டச் சொல்லி எனக்குன்னு அடிச்சது. விக்கிறதுக்குத்தான் இம்புட்டு கிடக்கே, பளபளன்னு!"

அப்போ இருளாயி மனசுக்குள்ள சொன்னா: 'ஓகோ. விக்கிறதுக்கு ஒண்ணு, வச்சுக்கிறதுக்கு ஒண்ணா? இரு, இரு.' வேட்டைக்குப் போன பூனை மாதிரி அங்கயே காலை மடக்கி உக்காந்துட்டா. ஊது.

"பீப்."

இப்ப சிரிப்பா? இல்லடா, இன்னும் வரல. அதுக்குள்ள வாயத் தொறக்காத.

அப்புறம் சங்கிலி ரெண்டாவது கத்திய எடுத்தான். "இதப் பாரு தாயி, எட்டு அலகு! சீப்பு இருக்கு, கரண்டி இருக்கு, முகம் பாக்கக் கண்ணாடி இருக்கு!"

இருளாயி நகத்தால ஒரு அலகத் தொறக்கப் பாத்தா. வரல. பல்லால கடிச்சு இழுத்தா. வரல. "ம்ம்ம்ம்ம்..." டொப்! கரண்டிதான் வந்துச்சு. அதுவும் கையோட வந்துருச்சு.

"ஏண்ணே, என் ஆடு பாயசமா குடிக்குது?"

அத்தாச்சி பூண்டக் கீழ போட்டுட்டு க்ளுக்குனுச்சு.

"சரி, அது கிடக்கட்டும். அண்ணே, உங்க செருப்புல என்ன, முள்ளு ஏறிக் கிடக்கு? கால்ல இறங்கிறப் போகுது."

"அட, ஆமா!" சங்கிலி கால மடியில போட்டான். எட்டு அலகுக் கத்தி பக்கத்துலயே கிடக்கு. தொட்டானா? தொடல. கை தானா இடுப்புக்குப் போச்சு. டக். இந்தத் தடவை ஊசி அலகு. நோண்டு, நோண்டு, ப்ளிச்! முள்ளு வெளிய. டக். திரும்ப இடுப்புக்குள்ள.

'ரெண்டாச்சு'ன்னு நினைச்சா இருளாயி. 'தடியும் இருக்கு, ஊசியும் இருக்கு. மழுங்கல் இருக்கான்னு பாத்துருவோம்.'

அப்புறம் சங்கிலி மூணாவது கத்திய எடுத்தான். மயில் கத்தி. பிடி மயிலு, அலகு தோகை. "இது ராணிக கையில இருக்க வேண்டிய கத்தி தாயி!"

"அழகா இருக்குண்ணே. நான் யோசிக்கிறேன். நீங்க காலையில இருந்து கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போயிருக்கீங்க. இந்தாங்க, ஒரு கொய்யாப்பழம். நாலாக் கீறுங்க, உப்பும் மிளகாப்பொடியும் நான் தர்றேன்"னு முந்தியில முடிஞ்சு வச்சிருந்த பொட்டலத்த அவுத்தா.

கொய்யாவப் பாத்ததும் சங்கிலிக்கு உலகம் மறந்து போச்சு. மயில் கிடக்குது, சிங்கம் கிடக்குது, எட்டு அலகு கிடக்குது. கை எங்க போச்சு? நீ சொல்லு, எங்க போச்சு?

"இடுப்புக்கு!"

இடுப்புக்கு! டக். இந்தத் தடவை மழுங்கல் அலகு, முனையே இல்ல. சதக், சதக். உள்ளங்கையில வச்சே கொய்யாவ நாலாப் பொளந்தான். தோல்ல ஒரு கீறல் இல்ல.

"ரெண்டு கையையும் சேத்து நீட்டுங்கண்ணே. ஒரு கையில கொய்யா, ஒரு கையில உப்பு."

எப்படி நீட்டுனான்னு உனக்குத் தெரியணும்ல? நீதான் சங்கிலி. எந்திரிச்சு உக்காரு. இந்தா, எங்கிட்ட கொய்யா இல்ல, கடலைமிட்டாய் இருக்கு. ரெண்டாப் பிட்டிருக்கேன், இந்தக் கைக்கு ஒண்ணு, அந்தக் கைக்கு ஒண்ணு. ம்ஹூம், விசில வாயில கவ்விக்கிட்டா எப்படித் திம்ப? அப்படித் தலகாணியில வை. யாரு எடுக்கப் போறா? நான்தான் புடுங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்ல. ஆங். இப்ப நீட்டு. அப்படித்தான். கடி.

கர்ரக். முர்ரக். சங்கிலியும் அப்படித்தான் கடிச்சான். கடிக்கிறதுக்கு முன்னால கையில இருந்த கத்திய எங்க வச்சான் தெரியுமா? சாக்கு மேல. சிங்கத்துக்கும் மயிலுக்கும் நடுவுல.

சாக்கு மேல!

அப்போ இருளாயி எந்திரிச்சா. கறுப்புக் கம்பளிய எடுத்துச் சங்கிலி தோள்ல நல்லாப் போத்திவிட்டா. குனிஞ்சா. டக். மடக்குனா. இடுப்புல சொருகுனா. "வர்றேண்ணே. பூண்டுக்கார அத்தாச்சி, பாத்தீங்கல்ல? சாக்கு மேல கிடந்தத எடுத்துக்கிட்டேன்."

"ஆம்மா, ஆம்மா, பாத்துக்கிட்டேன், பாத்துக்கிட்டேன்."

சங்கிலி வாய் நிறையக் கொய்யா. "நழ்ழது தாயி, நழ்ழது!" கம்பளி கதகதன்னு இருக்கு. கண்ணு சொக்குது. உன் கண்ணு மாதிரியே.

இருளாயி ஒரே ஓட்டமா மந்தைக்கு வந்தா. தடி அலகால சர்ர் சர்ர்னு குளம்பச் சீவுனா. படக்குன்னு ஒடையல. ஊசி அலகால முள்ள நோண்டுனா. ப்ளிச்! மூக்கழகி ஒரு கால ஊனுச்சு. இன்னொரு கால ஊனுச்சு. "ம்மே?"ன்னு கேட்டுட்டு, கிணிங்... கிணிங்... கிணிங் கிணிங் கிணிங்! பின்னாலயே மந்தை பூரா எந்திரிச்சு நடந்துச்சு, புல்லு இருக்கிற ஊருக்கு.

இங்க சந்தையில சங்கிலி வாயத் தொடச்சுக்கிட்டுச் சாக்கப் பாத்தான். சிங்கம் இருக்கு. எட்டு அலகு இருக்கு. மயில் இருக்கு. "ஏன் அத்தாச்சி, பைத்தியக்காரப் புள்ளையா இருக்கே? சும்மா கம்பளியக் குடுத்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போயிருச்சு!"

அத்தாச்சி ஒரு மூட்டைப் பூண்டத் தள்ளிவிட்டு, "இந்தக் கயித்த அறுத்துக் குடு சங்கிலி"ன்னுச்சு.

"இதென்ன பிரமாதம்!" சங்கிலி இடுப்புக்குள்ள கைய விட்டான். தடவுனான். இந்தப் பக்கம் தடவுனான். அந்தப் பக்கம் தடவுனான். சாக்கப் பாத்தான். கம்பளியப் பாத்தான். தூரத்துல கிணிங் கிணிங்னு மணிச்சத்தம்.

செழியா, சிரிப்பு வந்துருச்சு. வாசல்ல நிக்குது. கத்தியை மடக்கியாச்சு, கதையை மடக்கியாச்சு, நீயும் கால மடக்கிப் படுத்துக்க. கடைசியா ஒரே ஒரு தடவை மட்டும் ஊது, பாப்போம்.

ஊதுடா.

தலகாணிக்கு அடியில ஏன் தடவுற? இந்தப் பக்கம் ஏன் தடவுற?

"அக்கா..."

ம்?

"அக்காஆஆ!"