வரிசையின் முதல் இடம்

பண்டிதர் தேவிதித்தா அந்தப் பாட்டை ஒன்பது வயதில் கேட்டார். ஆற்றங்கரைப் பனிமூட்டத்தில் ஆட்கள் யாரும் தெரியவில்லை. ரபாப் வாத்தியத்தின் நரம்பொலி மட்டும் முன்னே போயிற்று. பின்னால் பல குரல்கள், இறைவன் ஒருவனே என்று பாடிக்கொண்டு போயின. அப்பா அவர் காதைப் பொத்தினார். விரல் இடுக்கு வழியாகப் பாட்டு உள்ளே வந்துவிட்டது.

உள்ளே வந்தது வெளியே போகவே இல்லை. ஐம்பத்தாறாவது வயதில் வீட்டாரின் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, படகேறி, பியாஸ் நதிக்கு அக்கரையில் இருந்த சீக்கியர் கோவிலான குருத்வாராவுக்கு வந்து சேர்ந்தார். இனி அவருக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது.

அங்கே கற்பித்த, எல்லோரும் பாயி என்று மதித்து அழைத்த மெஹர் சிங்குக்கு வயது முப்பத்தெட்டு. நெசவாளி மகன். குளிர்காலம் முழுவதும் பண்டிதர் அவரிடம் பாடம் கேட்டார். இறைவனை நினை, உழைத்து உண், பகிர்ந்து கொடு என்று குரு நானக் சொன்னதைக் கேட்டார். பத்தாவது குரு கோவிந்தர் ஒரு வைசாகி அறுவடைத் திருநாளில் பல சாதிகளைச் சேர்ந்த ஐந்து பேருக்கு ஒரே கிண்ணத்தில் அமிர்தம் கொடுத்ததையும், பிறகு அவர்கள் முன் தாமே மண்டியிட்டு வாங்கிக் குடித்ததையும் கேட்டபோது பண்டிதர் கண் கலங்கினார்.

வைசாகிக்கு முதல் நாள் அவர் ஆசிரியரிடம் போனார். மெஹர் சிங் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“இறைவன் ஒருவன் என்று எங்கள் நூல்களும் சொல்கின்றன. இங்கே புதிதாக என்ன இருக்கிறது?”

“நாளைக்குக் குடித்துப் பாருங்கள், பண்டிதரே.”

மறுநாள் ஐந்து பேர் அமிர்தம் குடித்துச் சீக்கிய நெறியில் சேர இருந்தார்கள். பண்டிதரைத் தவிர ஓர் உழவர், ஒரு நாவிதர், ஒரு தோல் தொழிலாளி, தெருக்கூட்டும் ஜீவோ. மனிதர் எல்லோரும் சமம் என்பதைப் பண்டிதரின் மனம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. தொண்டைக்குழிதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். விடிந்ததும் முதல் ஆளாகப் போய் வரிசையின் முதல் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜீவோ சிரித்தாள். “என்ன பண்டிதரே, பாயசம் தீர்ந்துபோகும் என்று பயமா?”

முழங்கால் வலி, சுவரோரம் சௌகரியம் என்று எதையோ சொல்லி வைத்தார்.

இரும்புக் கிண்ணத்து நீரில் சர்க்கரை வில்லைகளைப் போட்டுக் குறுவாளால் கலக்கியபடி ஏற்கெனவே அமிர்தம் ஏற்ற ஐவர் ஓதினார்கள். அவர்களில் மெஹர் சிங்கும் ஒருவர். எல்லோருடைய கண்ணிலும் தலையிலும் தெளித்தார்கள். மிச்சம் இருந்த அமிர்தத்தோடு கிண்ணம் முதலில் பண்டிதரிடம் வந்தது. எச்சில் படாத விளிம்பு. நிம்மதியாக ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார். உழவர் குடித்தார். நாவிதர் குடித்தார். தோல் தொழிலாளியின் மீசை கிண்ணத்துக்குள் நனைந்தது. கடைசியில் ஜீவோ குடித்தாள்.

முடிந்தது என்று பண்டிதர் மூச்சு விட்டார்.

“இனி அங்கிருந்து இங்கே,” என்றார் மெஹர் சிங்.

கிண்ணம் திரும்பியது. ஜீவோ, மீசைக்காரர், நாவிதர், உழவர் என்று ஒவ்வொரு வாயாகத் தொட்டுக்கொண்டு பண்டிதரின் கைக்கு வந்து நின்றது. விளிம்பு முழுவதும் ஈரம்.

“பாயி சாகிப், நான் முதல் ஆள் அல்லவா?”

“ஆமாம். அதனால் கடைசி ஆளும் நீங்கள்தான்.”

வாசல் திறந்தே இருந்தது. எழுந்து போனால் தடுப்பார் யாருமில்லை.

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஜீவோ எட்டிப் பார்த்தாள். “குடியுங்கள் அண்ணா. சர்க்கரையெல்லாம் அடியில்தான் கிடக்கிறது.”

பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாந்து குடித்தார். அவள் சொன்னது உண்மை. முதல் வாயைவிடப் பல மடங்கு தித்தித்தது. தாடியெல்லாம் வழிய, சின்னப் பிள்ளைபோலச் சிரிக்கத் தொடங்கினார். வரிசையே சேர்ந்து சிரித்தது.

பிறகு மெஹர் சிங்கிடம் தனியே கேட்டார்: “நான் ஏன் முதலில் உட்கார்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நான் அமிர்தம் குடித்த அன்று அந்த இடத்தைப் பிடிக்க இரண்டு பேரை இடித்துத் தள்ளினேன்.”

அன்றிலிருந்து ஜீவோ கௌர் என்று பெயர் கொண்டவள் பண்டிதரிடம் எழுத்துப் படித்து, பின்னாளில் அதே குருத்வாராவில் கிரந்தம் என்னும் திருநூலை வாசித்தாள்.