பொதிகள் வாயை மூடிக்கொண்டது ஏன்

அந்தக் காலத்தில் பொதிகளுக்கு வாய் இருந்தது. சிரிக்காதீர்கள். கணினிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மென்பொருளைக் கட்டி வைத்திருக்கிறார்களே, அந்த மூட்டையைத்தான் பொதி என்கிறேன். இன்றைக்கு அவை ஊமையாய்க் கிடக்கின்றன. அன்றைக்கு வாய் ஓயாமல் பேசின, சண்டை போட்டன, ஒன்றைப் பற்றி இன்னொன்றிடம் கோள் மூட்டின.

தெற்குக் கடற்கரையில் 'கரைவிளக்கு' என்று, கணினியை இயக்கும் ஒரு லினக்ஸ் தொகுப்பு இருந்தது. ஏராளமான பொதிகள் அதற்குள் ஒரே ஊராய்க் குடியிருந்தன. மீனவ ஊர்களின் கரைநிலையக் கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடின. பொதிகளில் பாதி 'நாரை' என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை. நாரைக்குப் புதுப் பதிப்பு வந்தால் அத்தனையும் சேர்ந்து அதற்கு மாற வேண்டும். ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயும் நின்றால் ஆகாது, ஏனென்றால் ஒன்றின் தோளில் ஏறித்தான் இன்னொன்று நிற்கும். கீழே இருப்பது சரிந்தால் மேலே இருப்பது எங்கே போகும்? அதுவும் விழும்.

இந்த மாற்றத்தை நடத்தி வைப்பவள் ரெனிட்டா. அவள் ஒவ்வொரு பொதியிடமும் போய், "மக்கா, புது நாரைக்கு நீ தயாரா?" என்று கேட்பாள். "இல்லக்கா, எனக்கு இன்னும் திருத்த வேண்டியது கெடக்கு" என்று சொன்னால், அந்தப் பொதியைக் கவனிக்கும் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்வாள். எல்லாம் தயார் என்று சொன்ன பிறகுதான் மாற்றம். பேச்சை நம்பி நடந்த ஊர் அது.

அந்த ஊரின் ஓரத்தில் சிப்பி என்று ஒரு குட்டிப் பொதி. வானிலை ஆபீஸிலிருந்து வரும் செய்தியைப் பிரித்து, காற்று எவ்வளவு, எந்தப் பக்கம் என்று எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அதன் தோளில் நின்றது சங்கு. சிப்பி கொடுத்ததைப் பார்த்து, கடலில் இருக்கும் வள்ளங்களின் வயர்லெஸ்ஸில் எச்சரிக்கை ஊதுவது சங்கின் வேலை. சங்கை ஊருக்கே தெரியும். சிப்பியை யாருக்குத் தெரியும்? அதை எழுதியவன் என்றைக்கோ துபாய்க்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அதைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு வருஷம் பழைய நாரையில் ஓட்டை விழுந்தது. அந்த வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து, இல்லாத புயலுக்குச் சங்கை ஊத வைக்கலாம், இருக்கிற புயலுக்கு வாயைப் பொத்தலாம். புது நாரைக்கு மாறினால்தான் அது அடைபடும். நாரையைக் கவனித்துவந்த பீர்முகமது கலங்கிப்போனார்.

"இந்தத் தடவை ஒவ்வொண்ணா கேட்டுக் காத்துக்கெடக்க முடியாது ரெனிட்டா. காத்துக்காலம் வரப்போவுது. தயார் ஆகாதத வெளிய எடுத்துப் போடு."

"எடுத்தா அது செய்த வேலைய யாரு செய்வா, பீரண்ணே?"

"ஓட்டைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்லுதியா?"

ரெனிட்டா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அவள் புருஷன் டைட்டஸ் மறுவாரம் ஆழ்கடலுக்குப் போகிறவன். அந்த ஓட்டை திறந்து கிடக்க அவனை அனுப்ப அவளுக்கு மனசில்லை. ஊர் நடுவே நின்று சொன்னாள்: "தயார் ஆகாத பொதிக்கு இனி இங்க எடம் கிடையாது."

பஞ்சாங்கம் என்று ஒரு பொதி, அமாவாசை பௌர்ணமிக் கணக்குச் சொல்வது. அது வழக்கம்போலவே வாயைத் திறந்தது. "அக்கா, எனக்குக் கொஞ்சம் திருத்தணும்" என்றது. சொல்லி வாய் மூடுவதற்குள் அதை எடுத்து வெளியே போட்டார்கள். அது நின்ற இடம் வெறுமையாய்க் கிடந்தது. மற்றப் பொதிகள் அந்த இடத்தைப் பார்க்காமல் பார்த்தன. அதற்குப் பிறகு ஊரில் கேட்டதெல்லாம் ஒரே வார்த்தை. தயார், தயார், தயார்.

சிப்பி பயந்துபோனது. பழைய நாரையில் ஒரு கதவு உண்டு. அது வழியாகத்தான் சிப்பி செய்தியைத் திறக்கும். புது நாரையில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

"சங்கண்ணே, எனக்கு முடியாது. சொல்லிரட்டா?" என்று கேட்டது.

"சொல்லி? ஒன்னைய எடுத்தா நான் எங்க நிப்பேன்? என்னையும்லா எடுப்பாவ" என்றது சங்கு. அதற்கும் பயம்தான். பெரிய குரல் இருந்தால் பயம் இருக்காதா என்ன? "பொறவு பாத்துக்கலாம். தயார்னு சொல்லிரு."

ரெனிட்டா வந்தாள். "மக்கா, நீ?"

"தயார்க்கா."

அந்தக் குரல் நடுங்கியது. ரெனிட்டாவின் காதில் அது விழாமல் இல்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை தள்ளிப்போகும், டைட்டஸ் வலையை ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவள் அடுத்த பொதிக்குப் போய்விட்டாள்.

ஊர் முழுக்கப் புது நாரைக்கு மாறியது. ஓட்டை அடைபட்டது. பீர்முகமது எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டைட்டஸ் கடலுக்குப் போனான். வெயில் அடித்தது, கடல் சும்மா கிடந்தது, வானிலை ஆபீஸிலிருந்து செய்தி எதுவும் வரவில்லை. சிப்பி மட்டும் ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வந்துவிடக் கூடாது, இன்றைக்கு வந்துவிடக் கூடாது என்று நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நாட்களை அது எப்படித்தான் கழித்ததோ.

ஒரு மத்தியானம் செய்தி வந்தது.

சிப்பி அதைத் திறக்கப் போனது. கதவு இல்லை. சுவரில் மோதி அப்படியே நின்றது. மேலே சங்கு காத்திருந்தது. கீழேயிருந்து ஒன்றும் வராததால் காற்று இல்லை என்று நினைத்துக்கொண்டது.

கரைநிலையத்தில் இருந்த ரெனிட்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேற்கே கடல் கறுத்துக்கொண்டு வந்தது. காகங்கள் எல்லாம் ஊருக்குள் வந்துவிட்டன.

"சங்கு, ஏன் ஊதல?"

"சிப்பி ஒண்ணும் சொல்லலியேக்கா."

"சிப்பி, செய்தி வந்துதா?"

"தயார்க்கா."

"நான் அதக் கேக்கல. காத்து எவ்ளவுன்னு கேக்கேன்."

"தயார்க்கா. தயார். தயார்."

சிப்பி தயார் ஆகவே இல்லை என்று அப்போதுதான் ரெனிட்டாவுக்கு விளங்கியது. சிப்பியை மட்டும் பழைய நாரைக்கு இறக்கிவிடலாமா என்று பார்த்தாள். முடியவில்லை. மேலே சங்கு, சங்கின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. இறக்கினால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். பீர்முகமதுவும் ஓடி வந்தார். இருவரும் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெளியே தகரக் கூரைகள் பறந்தன. "சீக்கிரம், மாதாவே, சீக்கிரம்" என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சிப்பி செய்தியைத் திறந்தது, சங்கு ஊதியது.

கிட்டத்தில் இருந்த வள்ளங்கள் அந்தச் சத்தத்தில் திரும்பிவிட்டன. தூரத்தில் இருந்தவற்றுக்கு நேரம் போதவில்லை. உடைந்தும் சாய்ந்தும் அவையும் கரை சேர்ந்தன. டைட்டஸின் வள்ளம் மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அழுது ஓய்ந்த ஒரு நாள் ரெனிட்டா சிப்பியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"ஏன் மக்கா எங்கிட்ட சொல்லல?"

"உள்ளதச் சொன்ன பஞ்சாங்கம் எங்கக்கா?" என்று சிப்பி கேட்டது.

ரெனிட்டா எழுந்துபோய், வெளியே கிடந்த பஞ்சாங்கத்தைத் தானே தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தாள். "பேசு மக்கா" என்றாள். அது பேசவில்லை. சங்கைக் கேட்டாள், அதுவும் பேசவில்லை. ஊர் முழுக்க நடந்து பார்த்தாள். ஒரு பொதியும் வாயைத் திறக்கவில்லை.

அன்று முதல்தான் யாரும் பொதிகளிடம் தயாரா என்று கேட்பதில்லை. மொழிக்குப் புதுப் பதிப்பு வந்தால் பக்கத்தில் தனியாக ஒரு முற்றம் போட்டு, ஒவ்வொரு பொதியையும் அதில் கட்டி நிறுத்திப் பார்க்கிறார்கள், விழுந்ததை எறியாமல் தூக்கி நிறுத்த ஆள் தேடுகிறார்கள், ஊரின் ஓரத்தில் கிடக்கும் கடைசிச் சிப்பியும் எழுந்து நிற்கும் வரை மற்ற அத்தனையும் வாசலிலேயே காத்து நிற்கின்றன.